முனைவர் பட்டத்திற்குப் பின் வெளிநாட்டு உயிரியல் ஆய்வகம்: எதிலிருந்து தொடங்குவது?

களர்நிலம் (திருத்துறைப்பூண்டி) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நெற்பயிர் உவர்ப்பைத் தாங்கும் திறன் குறித்து ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்று 14 மாதங்கள் ஆகின்றன. கடைமடை வயல்களில் புதிய ரகங்கள் கருகிப்போன இடத்தில் குழியடிச்சான் என்னும் பாரம்பரிய நெல் மட்டும் பிழைத்து நிற்பதைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் நான். அந்தக் காட்சியே என்னை இத்தலைப்புக்குக் கொண்டுவந்தது. வேரின் செல்கள் சோடியத்தை எந்த இடத்தில் தடுத்து நிறுத்துகின்றன என்பதை உயிருள்ள வேரிலேயே நுண்ணோக்கி வழியாகக் காண வேண்டும் என்பது என் அடுத்த நோக்கம். அதற்கான கருவியும் பயிற்சியும் நான் படித்த இடத்தில் இல்லை.

எம்போ (ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பு), ஹெச்.எஃப்.எஸ்.பி. (உயிரியல் ஆய்வுக்கான பன்னாட்டுத் திட்டம்), மேரி கியூரி (ஐரோப்பிய ஒன்றியத்தினுடையது), ஹம்போல்ட் என்று ஃபெலோஷிப்களின் (ஆய்வு நல்கைகளின்) பெயர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் துறையில் இவற்றுக்கு விண்ணப்பித்தவர் எவரும் இல்லை. முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை வெளியாகியுள்ளது. 2 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். மாநிலப் பல்கலைக்கழகப் பட்டம் தடையாகுமா? நான் எதை முதலில் செய்ய வேண்டும்?

கொள்ளிடக்கரை:

சகோதரி, பட்டம் எங்கே பெற்றது என்பதைவிட எப்போது பெற்றது என்பதே உங்களுக்கு முக்கியம். எம்போ ஃபெலோஷிப்புக்கு முனைவர் பட்டம் பெற்று 2 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே உங்கள் கையில் இருப்பது ஏறத்தாழ 10 மாதங்கள். மகப்பேற்று விடுப்பு எடுத்திருந்தால் அதைக் கணக்கில் கொள்ளுமாறு கேட்க வழியுண்டு என்பதால், அதற்கான சான்றுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். இந்தியா 2016 முதல் அந்த அமைப்பின் இணை உறுப்பு நாடாக இருப்பது நமக்குச் சாதகம். முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை வேண்டும் என்ற நிபந்தனையை நீங்கள் ஏற்கெனவே நிறைவு செய்துவிட்டீர்கள்.

ஹம்போல்ட் ஃபெலோஷிப்புக்குப் பட்டம் பெற்று 4 ஆண்டுகள் வரை இடமுண்டு. ஜெர்மனிக்கு மட்டுமே உரியது. மேரி கியூரியில் பட்டம் பெற்ற பின் 8 ஆண்டு ஆய்வு அனுபவம் வரை ஏற்கிறார்கள். ஆனால் விண்ணப்பத்தின் இறுதி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், போகவிருக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. இந்த இடப்பெயர்வு விதியைக் கவனிக்காமல், வேறொரு வேலையில் அந்த நாட்டுக்கு முன்னதாகவே போய்ச் சேர்ந்து, பின்னர் தகுதியிழந்த நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும். அவசரப்பட்டு எந்த நாட்டுக்கும் போய்விடாதீர்கள். மகள் இருப்பதை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. குடும்பத்திற்கான தொகை இவற்றில் தனியாகவே உண்டு.

வெண்ணாறு (ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்):

அம்மா, விதிகளைச் சகோதரர் நன்றாகச் சொல்லிவிட்டார். நான் சொல்ல விரும்புவது கடிதத்தைப் பற்றி. இந்த நல்கைகள் எல்லாவற்றுக்கும், உங்களை ஏற்கும் ஆய்வகத் தலைவர் ஒருவர் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும்; ஆகவே விண்ணப்பப் படிவம் இரண்டாவது வேலை, அவருக்கு எழுதும் கடிதமே முதல் வேலை. "தங்கள் மேன்மை பொருந்திய ஆய்வகத்தில் ஒரு வாய்ப்பு அளிக்க வேண்டுகிறேன்" என்று நம் மாணவர்கள் நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புகிறார்கள். பதில் வராதபோது தங்கள் பட்டத்தின் மீது பழி போடுகிறார்கள். எனக்கு அது பெரும் வருத்தம்.

உங்களிடம் உண்மையான கேள்வி ஒன்று இருக்கிறது. உவர்ப்பைத் தாங்கும் கேரளத்தின் பொக்காளி நெல்லில், முதலாம் குரோமோசோமில் உள்ள சால்டோல் என்னும் பகுதி விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது; வேரிலிருந்து நீரை மேலேற்றும் சைலக் குழாய்களில் ஏறும் சோடியத்தை வழியிலேயே திரும்ப எடுத்து, இலைக்குப் போகாமல் காக்கும் கடத்திப் புரதத்தின் மரபணுவும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. குழியடிச்சானும் அதே வழியில்தான் பிழைக்கிறதா, அல்லது அதற்கு வேறொரு வழி உண்டா? இதை நான்கு வரிகளில் எழுதி, அந்த ஆய்வகத் தலைவருடைய எந்த ஆய்வு முறை உங்களுக்கு எதற்காகத் தேவை என்பதை அடுத்த நான்கு வரிகளில் சொல்லுங்கள். ஐந்தாறு பேருக்கு மட்டும், ஒவ்வொருவருடைய கட்டுரைகளையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

ஹெச்.எஃப்.எஸ்.பி.யைப் பொறுத்தவரை, முனைவர் பட்டத்தில் செய்ததன் தொடர்ச்சியை அவர்கள் விரும்புவதில்லை; புதிய திசையையே எதிர்பார்க்கிறார்கள். பயிர் மரபியலிலிருந்து உயிருள்ள செல்லின் நுண்ணோக்கியியலுக்குப் போவதை நீங்கள் அப்படி முன்வைக்கலாம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பின்னரே உயிரியலைப் புதிதாகக் கற்கத் தொடங்கினார். 2009இல் நோபல் பரிசு பெற்றது அந்த உயிரியல் ஆய்வுக்காகத்தான்.

கீழத்தஞ்சை:

ஒரு செய்தி விடுபட்டிருக்கிறது. குழியடிச்சான் விதையைப் பெட்டியில் போட்டு எடுத்துச் சென்றுவிட முடியாது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி, வெளிநாட்டு நிறுவனம் நம் நாட்டு உயிரியல் வளத்தை ஆய்வுக்குப் பெறுவதற்குச் சென்னையிலுள்ள தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். விதையில் நோயோ பூச்சியோ இல்லை என்று காட்டும் தாவர நலச் சான்றும், போய்ச் சேரும் நாட்டின் இறக்குமதி விதிகளும் தனி. நம் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த விதை என்பதால், இந்தச் சட்டம் இருப்பது சரியென்றே நான் கருதுகிறேன். அனுமதிக்கான காலத்தையும் ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். நடைமுறை தெரிந்தவர் என்ற நம்பிக்கை மதிப்பீட்டாளருக்கு ஏற்படும்.

திரும்பி வருவதைப் பற்றியும் இப்போதே யோசியுங்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பும் உயிரியல் ஆய்வாளர்களுக்கென்றே உயிரித் தொழில்நுட்பத் துறையின் ராமலிங்கசுவாமி ஃபெலோஷிப் இருக்கிறது.

களர்நிலம்:

மூவருக்கும் நன்றி. ஐயா, கடிதத்தை இன்றே எழுதத் தொடங்குகிறேன். ஒரே ஓர் ஐயம்: அனுமதி தாமதமானால் முதல் ஆண்டு வீணாகாதா?

வெண்ணாறு:

ஆகாது, அம்மா. பொக்காளி விதை பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் மரபணு வங்கியில் இருக்கிறது. உலக ஆய்வகங்கள் அங்கிருந்து முறையான ஒப்பந்தத்தின் பேரில் விதை பெறுகின்றன. முதல் ஆண்டில் பொக்காளி வேரில் நுண்ணோக்கி முறையைப் பழகிக்கொள்ளுங்கள். குழியடிச்சானை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எழுதிய கடிதத்தை அனுப்புவதற்கு முன் இங்கே பதிவிட்டால் படித்துத் திருத்தித் தருகிறேன்.