ஒர்க்ஷாப் அனுபவத்தை வச்சு மெக்கானிக் சான்றிதழ்: ஆர்பிஎல்லா, ஐடிஐ தனித்தேர்வா?

தேவகோட்டை ரஸ்தா கேட்டது:

காரைக்குடியில ஒரு கார் ஒர்க்ஷாப்ல எட்டு வருஷமா வேலை. வயசு 29, பத்தாவது பாஸ், ஐடிஐ படிக்கல. இன்ஜின் இறக்கி ஏத்துறது, கிளட்ச், சஸ்பென்ஷன், பிரேக் எல்லாம் தனியாப் பார்ப்பேன். ஸ்கேனர் மாட்டி ஃபால்ட் கோடு பார்க்கவும் தெரியும். ஆனா காட்டுறதுக்கு ஒரு தாள் கிடையாது.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்கும் போடணும், அரசு போக்குவரத்துக் கழகத்துல டெக்னீஷியன் அறிவிப்பு வந்தா அதுக்கும் போடணும். வேலையை விட்டுட்டு ரெண்டு வருஷம் ஐடிஐல போய் உக்கார முடியாது. ஆர்பிஎல் எழுதுனாப் போதும், அதுவும் ஐடிஐயும் ஒண்ணுதான்னு ஒருத்தர் சொல்றார். படிக்காமலே ஐடிஐ பரீட்சை எழுதலாம்னு இன்னொருத்தர். எது சரி? எங்க ஒர்க்ஷாப்ல மொத்தம் ஆறு பேர். பிஎஃப், இஎஸ்ஐ இல்லை. சம்பளம் கையில.

கல்லுக்கட்டி:

ரெண்டுமே இருக்கு தம்பி, ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. ஆர்பிஎல்ங்கிறது ஏற்கனவே தெரிஞ்ச வேலையைச் சோதிச்சுப் பார்த்து சான்று தர்றது. மத்திய அரசோட திறன் பயிற்சித் திட்டமான பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனாவுல வருது. நம்ம தொழிலுக்கு ஆட்டோமோட்டிவ் ஸ்கில்ஸ் டெவலப்மெண்ட் கவுன்சில் பேர்ல தாள் கிடைக்கும். ஐடிஐ சான்று வேற, அது தேசியத் தொழிற்சான்றிதழ், என்டிசி. "ஐடிஐ தேர்ச்சி"ன்னு போட்ட அரசு அறிவிப்புக்கு ஆர்பிஎல் தாளை இணைச்சா விண்ணப்பம் முதல் வடிகட்டல்லயே போயிடும். சர்வீஸ் சென்டர்ல பெரும்பாலும் ஒரு வண்டியைக் குடுத்து வேலை வாங்கிப் பார்ப்பாங்க, அங்க ஆர்பிஎல் உதவும். உங்களுக்கு ரெண்டு இடமும் வேணும்னா ரெண்டையும் எழுதலாம், ஒண்ணு எழுதுனா இன்னொண்ணு எழுதக்கூடாதுன்னு ஒண்ணும் இல்ல.

கானாடுகாத்தான் டீசல்:

மேலே சொன்னது சரி. தனித்தேர்வு பக்கத்தைக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன், அங்கதான் ஆளுக தடுக்கி விழறாங்க. வேலை தெரியாம இல்ல, காகிதம் சரியில்லாம.

ஐடிஐ பரீட்சைன்னு சொல்றது அகில இந்தியத் தொழிற்தேர்வு, அதுல தேறினாத்தான் என்டிசி. ஐடிஐல படிக்காம அதைத் தனித்தேர்வரா எழுத 21 வயசு முடிஞ்சிருக்கணும், அந்தத் தொழில்லயே மூணு வருஷ அனுபவம் இருக்கணும், அந்தத் தொழிற்பிரிவுக்கு உண்டான படிப்பும் இருக்கணும். மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள், மெக்கானிக் டீசல் ரெண்டுக்கும் பத்தாவது வேணும், உங்ககிட்ட இருக்கு. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையோட அறிவிப்பு வருஷத்துக்கு ஒரு தடவை வரும், கெடு குறைச்சலா இருக்கும். அறிவிப்பு வந்த பிறகு காகிதம் தேட ஆரம்பிச்சா அந்த வருஷம் போச்சு. காரைக்குடி அரசு ஐடிஐலயோ சிவகங்கை மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துலயோ இப்பவே போய், போன வருஷ அறிவிப்பையும் அனுபவச் சான்று மாதிரிப் படிவத்தையும் கேட்டுப் பார்த்துக்கிட்டு வாங்க.

அனுபவச் சான்று பதிவுள்ள நிறுவனத்துல இருந்து வரணும். உங்க ஒர்க்ஷாப்ல ஆறு பேருன்னா இஎஸ்ஐ (10 பேர்), பிஎஃப் (20 பேர்) வரம்புக்குள்ள வரல, அது தப்பில்ல. அதனால முதலாளிகிட்ட உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கான்னு முதல்ல கேளுங்க. இல்லைன்னா ஆதாரை வச்சு ஆன்லைன்ல பண்ணிக்கலாம், காசு கிடையாது. காசு கேக்குற சைட் எல்லாம் இடைத்தரகன். உத்யம் தாள்ல நிறுவனம் தொடங்கின தேதி தனி, உத்யம் பதிவு ஆன தேதி தனியா வரும். தொடங்கின தேதியை முதலாளி சரியாப் போடணும். நீங்க எட்டு வருஷம்னு கடிதம் வாங்கி, தாள்ல கடை தொடங்கி ரெண்டு வருஷம்னு இருந்தா, சரிபார்க்கிறவர் கடிதத்தை ஓரமா வச்சிடுவார்.

கடிதத்துல "எல்லா வேலையும் நன்றாகச் செய்வார்"னு எழுதி வாங்காதீங்க. உங்க பேர், பிறந்த தேதி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன பதவி, என்ன வேலை (இன்ஜின் ஓவர்ஹால், கிளட்ச், பிரேக், ஸ்டீயரிங்னு பிரிச்சு), முதலாளி கையெழுத்து, முத்திரை, பதிவு எண் இவ்வளவும் வேணும். தொழிற்பிரிவோட பேர் அறிவிப்புல எப்படி இருக்கோ அப்படியே வரணும். இனிமே சம்பளத்தைக் கொஞ்சமாவது வங்கிக் கணக்குல போடச் சொல்லுங்க.

இன்னொண்ணு, பத்தாவது மார்க் ஷீட்ல இனிஷியல் ஒரு மாதிரியும், ஆதார்ல அப்பா பேர் முழுசாவும் இருந்தா இப்பவே சரி பண்ணிடுங்க. ரெண்டு பக்கத்துக்கும் இதுதான் பொதுத் தலைவலி.

தேவகோட்டை ரஸ்தா:

நன்றி அண்ணே. முதலாளிகிட்ட கேட்டேன். உத்யம் இருக்கு, ஆனா அதுல தொழில் ஸ்பேர் பார்ட்ஸ் விற்பனைன்னு இருக்கு. ஒர்க்ஷாப் முன்பக்கம் பார்ட்ஸ் கடையும் வச்சிருக்கார், அதான். அது செல்லுமா?

கானாடுகாத்தான் டீசல்:

அப்படியே விட்டா செல்லாதுன்னு வச்சுக்கிட்டு வேலை பாருங்க. உத்யம் தாள்ல என்ன தொழில்னு ஒரு எண் குறியீடு போட்டிருக்கும், பார்ட்ஸ் விற்பனைக்கு அது 4530ல தொடங்கும். வண்டி பராமரிப்பு, பழுதுபார்ப்புக்கு 4520. (பைக் ஒர்க்ஷாப்னா 4540.) உத்யம் தளத்துலயே திருத்தம் பண்ற வழி இருக்கு, புதுப் பதிவு போட வேண்டாம், பழைய எண்லயே 4520ஐ சேர்த்து, புதுத் தாளை இறக்கிக்கச் சொல்லுங்க. மாநகராட்சி தொழில் உரிமம் ஒர்க்ஷாப் பேர்ல இருந்தா அதோட நகலையும் வாங்கி வைங்க, பழைய வருஷத்துது கிடைச்சா ரொம்ப நல்லது.

பிஎஃப், இஎஸ்ஐ இல்லாததால உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கு. அமைப்புசாரா ஓட்டுநர்கள் மற்றும் தானியங்கி மோட்டார் வாகனங்கள் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் நல வாரியத்துல சேரலாம். தொழிலாளர் துறை வழியா ஆன்லைன்ல, 18லிருந்து 60 வயசு வரை. அந்த அட்டை அனுபவச் சான்று ஆகாது. ஆனா இன்ன தேதியிலிருந்து இவன் இந்தத் தொழில்ல இருக்கான்னு அரசுத் தாள் ஒண்ணு கையில இருக்கும்.

டார்க்_ரெஞ்ச்:

காகிதம் பத்திச் சொல்லிட்டாங்க, நான் பரீட்சை பத்திச் சொல்றேன்.

தனித்தேர்வருக்கு முதல்நிலைத் தேர்வு ஒண்ணு வைப்பாங்க, அதுல தேறினாத்தான் முதன்மைத் தேர்வு. செய்முறையில 60 சதவீதம், மத்த பாடத்துல 33 சதவீதம் எடுக்கணும். கணக்குப்படி பார்த்தா ஒர்க்ஷாப்காரங்களுக்குச் செய்முறை சுலபம்னு தோணும். கவுறதும் அங்கதான். கேக்குற வேலை பழுது பார்க்கிறது இல்ல, அளந்து எழுதுறது. உதாரணத்துக்கு, சிலிண்டர் போரை (உள்விட்டத்தை) டயல் கேஜ் வச்சு மேலே, நடுவுல, கீழேன்னு மூணு மட்டத்துல, ஒவ்வொரு மட்டத்துலயும் நேருக்கும் குறுக்குக்கும் அளந்து அட்டவணை போடணும். ஒரே மட்டத்துல ரெண்டு திசைக்கும் உள்ள வித்தியாசம் ஓவாலிட்டி, ஒரே திசையில மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் டேப்பர். விரலை விட்டுத் தடவியே ரிட்ஜ் (சிலிண்டர் தேய்ஞ்சு நிக்கிற விளிம்பு) சொல்ற ஆளு இந்த அட்டவணையைக் காலியா விட்டுட்டு வந்தா மார்க் கிடைக்காது. ரிங் கேப்பும் அப்படித்தான்: ரிங்கை போருக்குள்ள வச்சு பிஸ்டனால நேரா தள்ளி, அப்புறம் ஃபீலர் கேஜ். கையால தள்ளினா ரிங் கோணலா நிக்கும், கேப் தப்பாக் காட்டும்.

வெர்னியர் 0.02 மி.மீ., மைக்ரோமீட்டர் 0.01 மி.மீ. படிக்கத் தெரியணும். மைக்ரோமீட்டர்ல ஸ்லீவ்ல இருக்கிற அரை மில்லிமீட்டர் கோட்டை விட்டுட்டு 0.50 தப்பா எழுதுறதுதான் அதிகம் நடக்கிற பிழை. டிஜிட்டல் கேலிப்பர்லயே பழகினவங்க சாதா வெர்னியர் ஒண்ணை இரவல் வாங்கியாவது பழகிக்கணும்.

அடுத்து ஒர்க்ஷாப் கால்குலேஷன். போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 49.5 மி.மீ. ஒற்றை சிலிண்டர், கொள்ளளவு என்னன்னு கேப்பாங்க. சென்டிமீட்டருக்கு மாத்திக்கிட்டு 0.7854 × 5 × 5 × 4.95 போட்டா 97.2 சிசி. கிளியரன்ஸ் வால்யூம் (பிஸ்டன் உச்சியில நிக்கும்போது மேலே மிஞ்சுற இடம்) 12.15 சிசின்னா, ரெண்டையும் கூட்டி 12.15ஆல வகுத்தா கம்ப்ரஷன் ரேஷியோ 9க்கு 1. கிளியரன்ஸைக் கூட்ட மறந்து நேரா வகுத்து 8னு எழுதுறவங்க நிறைய. இன்ஜினியரிங் டிராயிங்கும் பாடத்திட்டத்துல இருக்கு. முதல் கோண வீழ்ப்புல மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும், இது ஒண்ணு மனசுல நின்னாலே பாதி பயம் போயிடும்.

புத்தகம் வேணும்னா சென்னை கிண்டியில இருக்கிற, ஐடிஐ பாடப்புத்தகம் போடுற நிமி நிறுவனத்தோட ட்ரேட் தியரி, ட்ரேட் பிராக்டிகல் வாங்குங்க, தமிழ்லயும் இருக்கு. பாரத் ஸ்கில்ஸ் தளத்துல பாடமும் வினா வங்கியும் இலவசம். கைடு புத்தகத்துல காசு விட வேண்டாம்.

பிரிவு எதுன்னு கேட்டா: மோட்டார் வெஹிக்கிள் ரெண்டு வருஷப் பாடம், டீசல் ஒரு வருஷப் பாடம். சின்னதா இருக்கேன்னு டீசலை எடுக்கிறவங்க உண்டு. நீங்க கிளட்ச், சஸ்பென்ஷன், பிரேக் எல்லாம் பார்க்கிறதால கடிதம் மோட்டார் வெஹிக்கிளுக்குத்தான் பொருந்தும். அதையே எடுங்க.

கல்லுக்கட்டி:

ஆர்பிஎல் பத்தி ஒண்ணு சேர்க்கிறேன். ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்துல ஆதார் மொபைல் எண் வச்சுப் பதியணும். எண் மாறியிருந்தா ஓடிபி வராது, அதை முதல்ல பாருங்க. 18லிருந்து 59 வயசு வரை. நினைச்ச அன்னைக்கு எழுத முடியாது, ஆளு சேர்ந்து பேட்ச் போடும்போதுதான். சின்ன அறிமுக வகுப்பு, பிறகு மதிப்பீடு. நிலை 4 ஃபோர் வீலர் சர்வீஸ் டெக்னீஷியனா, அதுக்குக் கீழ உள்ள அசிஸ்டெண்டான்னு பேட்ச்ல சேரும்போதே கேட்டுக்கணும். சேர்க்கிறவங்க இருக்கிற பேட்ச்ல தள்ளிவிடுவாங்க, அப்புறம் எட்டு வருஷ ஆளுக்கு அசிஸ்டெண்ட் தாள் வரும்.

மதிப்பீட்டாளர் பார்க்கிறது வேகத்தை இல்ல. ஜாக்கியில தூக்கி ஸ்டாண்டு வைக்காம அடியில போனா அத்தோட சரி. பேட்டரி கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில. வீல் நட்டு எதிரெதிரா இறுக்கி, கடைசியில வண்டியை இறக்கி டார்க் ரெஞ்ச். "கை கணக்கு"ன்னு சொன்னா மார்க் இல்ல. ஸ்டார்ட் ஆகாத வண்டின்னா நேரா ஸ்டார்ட்டரைக் கழட்டக் கூடாது: பேட்டரி ஓய்வுல 12.6 வோல்ட் இருக்கா, கிராங்க் பண்ணும்போது 9.6க்குக் கீழே விழுதா, ஓடும்போது 13.8லிருந்து 14.5 வருதான்னு வாயால சொல்லிக்கிட்டே மீட்டர்ல காட்டணும். ஜாப் கார்டு எழுதச் சொல்வாங்க, அதையும் எழுதிப் பழகுங்க.

புதுவயல்காரன்:

இடையில புகுந்ததுக்கு மன்னிக்கணும். என் தம்பி எட்டாவதுதான். அவனும் மெக்கானிக்தான், அவனுக்கு வழி உண்டா?

கானாடுகாத்தான் டீசல்:

மோட்டார் வெஹிக்கிள் தனித்தேர்வுக்குப் பத்தாவது இல்லாம முடியாது. வெல்டர், வயர்மேன் எட்டாவதுக்கு உண்டு, ஆனா அந்த வேலையில மூணு வருஷம் காட்டணும். செய்யாத வேலைக்குக் கடிதம் வாங்காதீங்க, செய்முறையில தெரிஞ்சிடும். தம்பி இப்போதைக்கு ஆர்பிஎல் எழுதட்டும், கூடவே பத்தாவதைத் தனித்தேர்வரா முடிக்கட்டும். அதுல அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு பண்ணணும். தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அது ஞாபகம் வந்து ஒரு வருஷம் தள்ளிப்போனவங்க நிறைய. தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் இருக்கு.

"பரீட்சை வேண்டாம், பத்து நாள்ல ஐடிஐ சர்டிபிகேட்"னு வாட்ஸ்அப்ல வர்ற ஆளுககிட்ட ரெண்டு பேருமே பணம் கட்டிடாதீங்க. என்டிசி உண்மையானதான்னு க்யூஆர் கோடு வச்சு அரசுத் தளத்துல யார் வேணா பார்க்கலாம், வேலைக்கு எடுக்கிறவங்க அதைத்தான் முதல்ல பார்ப்பாங்க.

தேவகோட்டை ரஸ்தா:

சரிங்கண்ணே. திங்கக்கிழமை முதலாளி உத்யம்ல 4520 சேர்க்கிறேன்னு சொல்லிட்டார். ஆதார் இனிஷியலுக்கு இ-சேவை மையம் போறேன். சாதா வெர்னியர் லேத் கடையில இருக்கு, கேட்டு வாங்கிக்கிறேன்.