கொய்யாவுக்கு ஸ்டார்ச் பூச்சு: மேலே பச்சை, உள்ளே சாராய வாடை. எங்கே தப்பு?

கேள்வி
வணக்கம். செங்காயாகப் பறித்த கொய்யா சீக்கிரம் பழுத்துக் கெடாமல் இருக்க மரவள்ளி ஸ்டார்ச் பூச்சு போட்டேன். 1 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஸ்டார்ச், 50 மில்லி கிளிசரின். கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து, பழங்களை இரண்டு தடவை முக்கி, ஈரத்தோடு பெட்டியில் அடுக்கிவிட்டேன்.

5-ஆம் நாள் தோல் பச்சை மாறாமல் இருந்தது. ஆசையாக ஒன்றை நறுக்கினால் குப்பென்று சாராய வாடை. விதையைச் சுற்றிய சதை நீர் கோத்துக் கண்ணாடி மாதிரி கிடந்தது. காம்புப் பக்கம் தோல் சுருக்கம், கையெல்லாம் பிசுபிசுப்பு. பூச்சு போட்டும் ஏன் சுருங்குகிறது? ஒரு பெட்டி பழம் போனதில் மனசே சரியில்லை.

பதில் 1
பழம் மூச்சுத் திணறியிருக்கிறது. பறித்த பிறகும் அது ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டே இருக்கும். பூச்சின் வேலை அந்த மூச்சை மெதுவாக்குவதுதான். அடைத்துவிட்டால் உள்ளே நொதித்தல் தொடங்கி எத்தனாலும் அசிட்டால்டிஹைடும் சேரும். அந்த வாடைதான் உங்களுக்கு அடித்தது. தோல் பச்சையாக இருப்பதை மட்டும் நம்பாதீர்கள், நறுக்கி முகர்ந்து பாருங்கள்.

சுருக்கத்துக்கு வருகிறேன். ஸ்டார்ச் படலம் ஆக்ஸிஜனை நன்றாகத் தடுக்கும், நீராவியை விட்டுவிடும். அதனால்தான் ஒரே பழத்தில் திணறலும் சுருக்கமும்.

50 மில்லி கிளிசரின் எடையில் 63 கிராம் வரும், அதாவது ஸ்டார்ச்சைவிட அதிகம். அது ஈரத்தை இழுக்கும் பொருள், ஒட்டாமல் என்ன செய்யும்? 20 கிராம் ஸ்டார்ச்சுக்கு 5 மில்லி போதும். பால் நிறம் மாறிக் கண்ணாடிப் பதம் வரும்வரை காய்ச்சி, நன்றாக ஆறவையுங்கள். ஒரே முக்கு. வலைத்தட்டில் பழத்துக்குப் பழம் இடைவெளி விட்டு, மின்விசிறிக் காற்றில் காய்ந்த பிறகே அடுக்குங்கள்.

தயவுசெய்து சில பழங்களைப் பூச்சில்லாமல் பக்கத்திலேயே வைத்து, தினமும் எடை பாருங்கள். ஒப்பிட ஆள் இல்லாமல் பூச்சு உதவியதா என்று சொல்லவே முடியாது.

பதில் 2
நீர் இழப்பைத் தடுக்க மெழுகோ எண்ணெயோ வேண்டும். கார்னாபா பனை இலை மெழுகு அதற்குத்தான். ஆனால் தண்ணீரோடு ஒன்றும்படி குழம்பாகக் கலக்காவிட்டால் பிரிந்து திட்டுத் திட்டாக நிற்கும்.

சோற்றுக்கற்றாழைக் கூழையும் முயலலாம். மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்க வடித்துவிடுங்கள். கூழை அரைத்து வடிகட்டி, சிட்ரிக் அமிலம் துளி சேர்த்தால் சீக்கிரம் பழுப்பாகாது.

இன்னொன்று: அடிபட்ட, ஊசிமுனை அளவு துளை விழுந்த பழத்தைப் பூசவே பூசாதீர்கள். உள்ளே புகுந்துவிட்ட பூஞ்சையைப் பூச்சு வெளியேற்றாது.

கேட்டவர்
இருவருக்கும் நன்றி. 12 பழங்கள் எடுத்தேன்: 4 பூச்சில்லாமல், 4 பழைய அளவில், 4 புதிய அளவில். 6-ஆம் நாள் பூச்சில்லாதவை மஞ்சளாகிக் குழைந்துவிட்டன. பழைய அளவில் அதே வாடை. புதியதில் லேசான மஞ்சள், கடித்தால் நறுக்கென்றது, மணமும் கொய்யா மணமே! காம்புப் பக்கச் சுருக்கம் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. அடுத்து மெழுகு கலந்து பார்க்கிறேன்.