டைம்ஷீட்டில் எட்டு மணி நேரம், மிச்சம் யார் கணக்கில்?

துரைப்பாக்கம்வாசி:
இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியன் 90 மணி நேரம் என்றார், ஞாயிறும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். இருவரையும் திட்டித் தீர்த்தாயிற்று. நான் கேட்பது வேறு.

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். காலை பத்துக்கு ஸ்டாண்டப், அதாவது டீமின் அன்றாடக் கூட்டம். மாலை ஆறரைக்கு நியூயார்க் கிளையன்ட்டோடு ஃபோன் கால், அங்கே அப்போது காலை ஒன்பது. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அதே கால் ஏழரைக்குப் போய்விடும். அதில் பேசியதை முடித்து எழுந்தால் இரவு பத்து. ஆனால் வேலை நேரத்தைப் பதியும் டைம்ஷீட்டில் எட்டு மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாது என்று வாய்மொழி உத்தரவு. அந்த மிச்ச உழைப்பு யார் கணக்கில்?

மெயின்ஃப்ரேம்காரன்:
தம்பி, நான் டெலிவரி மேனேஜர், ப்ராஜெக்டை முடித்துக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. நேர வித்தியாசம்தான் நம் தொழிலுக்கே சோறு போடுகிறது. ஃபிக்ஸட் பிட் ப்ராஜெக்டில் விலை முன்பே முடிவாகிவிடும், கூடுதல் மணி நேரத்துக்குக் கிளையன்ட் தர மாட்டான். முடியாது என்றால் வேலை மணிலாவுக்குப் போகும். திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவன் நான். தங்கைகளின் படிப்பும் கல்யாணமும் இந்த ராத்திரி வேலையில்தான் நடந்தன. மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் இரவுகளில் கற்றதை எந்த டிரெய்னிங்கும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நாவலூர்த்தோழி:
சார், உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் ராத்திரி பத்து மணி வரை நீங்கள் இருக்க முடிந்தது என்றால் வீட்டில் வேறு யாரோ உலை வைத்திருக்கிறார்கள். எனக்கு அப்படி யாரும் இல்லை. கேப் வர பதினொன்று ஆகிறது, குழந்தை தூங்கிவிடுகிறாள்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1947-ம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம். ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது, அதற்கும் இரட்டிப்புச் சம்பளம். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா 2023 ஏப்ரலில் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவிப்பு வந்தது. தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் இதே சென்னைக் கடற்கரையில் 1923-ல் மே தினம் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு வருடம். நம் பக்கம் யார் வாயைத் திறக்கிறோம்?

மெயின்ஃப்ரேம்காரன்:
அந்தச் சட்டத்திலேயே நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு, மேடம். இரட்டிப்புச் சம்பளம் கொடுத்தால் ப்ராஜெக்டில் மார்ஜினே நிற்காது. அதைவிட, மாலை கால் இருப்பவர்கள் மதியம் வந்தால் போதும் என்று விடலாம். என் டீமில் அப்படித்தான்.

துரைப்பாக்கம்வாசி:
மதியம் வரலாம் என்பார்கள் சார், காலை பத்து மணி ஸ்டாண்டப்பை மட்டும் எடுக்க மாட்டார்கள். வேலையை விடலாம் என்றால் 90 நாள் நோட்டீஸ். அத்தனை நாள் காத்திருக்க எந்தக் கம்பெனி தயார்? சம்பளத்தைப் பிறகு பேசுவோம். முதலில் உழைத்த நேரத்தை உள்ளபடி பதிய விடுங்கள். எட்டு என்று எழுதுவதால்தான் அடுத்த எஸ்டிமேட்டும் எட்டை வைத்தே போடப்படுகிறது, அடுத்து வருகிறவனும் இரவு பத்து மணி வரை உட்காருகிறான்.

மெயின்ஃப்ரேம்காரன்:
கிளையன்ட் அதைப் பார்த்தால் டீமுக்குத் திறமை போதவில்லை என்றுதான் நினைப்பான்.

நாவலூர்த்தோழி:
அவனுக்குக் காட்ட வேண்டாமே. எங்கள் டீமில் தனியாக ஒரு எக்செல் வைத்திருக்கிறோம். யார் எத்தனை மணிக்கு முடித்தார்கள், எதனால் தாமதம், அவ்வளவுதான். பாதிக்கு மேல் காரணம், கடைசி நேரத்தில் மாறும் ரிக்வயர்மென்ட், அதாவது கிளையன்ட்டின் தேவை. அதைக் காட்டித்தான் போன ரிலீஸுக்குக் மென்பொருளைச் சோதிக்க கூடுதலாக ஒரு டெஸ்டரைக் கேட்டு வாங்கினோம்.

மெயின்ஃப்ரேம்காரன்:
ஓவர்டைம் சம்பளத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் அந்த எக்செல்லின் மாதிரியை இங்கே போடுங்கள், எங்கள் டீமிலும் வைத்துப் பார்க்கிறேன். பெயர்களை மட்டும் எடுத்துவிடுங்கள். வேலையை மதிப்பிடும் அப்ரைசல் சமயத்தில் யார் சீக்கிரம் கிளம்பினார்கள் என்று தேட அதையே எடுத்துக்கொள்வார்கள். அந்த அறையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.