வட ஆற்காட்டுப் பேச்சைத் திரையில் எங்காவது கேட்டிருக்கிறீர்களா?

குடியாத்தம் மருமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் என் மாமியார் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பீடி சுற்றி வருகிறார். மடியில் முறம், முறத்தில் ஈரத்துணியில் பொதிந்த இலை, பக்கத்தில் தூள், கத்தரி, நூற்கண்டு என்று சுவரோரம் உட்கார்ந்துவிட்டால் அவர் கண் இலையை விட்டு எழாது. எதிரே தொலைக்காட்சி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் அவர் தொடர்களைப் பார்க்கிறார் என்று சொல்வதைவிடக் கேட்கிறார் என்று சொல்வதே சரி. 2002 முதல் 2005 வரை ‘மெட்டி ஒலி’ ஓடிய நாட்களில் அந்த வீட்டின் ஐந்து பெண்களையும் குரலை வைத்தே யார் யாரென்று சொல்லிவிடுவாராம். முகத்தைக் காட்டிக் கேட்டால் இருவரை மாற்றிச் சொல்வார் என்று என் கணவர் இன்றும் கேலி செய்வதுண்டு.

‘எதிர்நீச்சல்’ தொடரில் குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமான செய்தி அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த இடத்திற்கு வேல ராமமூர்த்தி வந்து முதன்முதலாகப் பேசியபோது, சுற்றிக்கொண்டிருந்த பீடியைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்தி, “கொரலு வேற கீதே” என்றார். அதன் பிறகு இரண்டு மூன்று நாட்கள் அந்தத் தொடரின்மீது அவருக்கு மனம் ஒட்டவில்லை.

சென்ற வாரம் திடீரென்று என்னிடம் கேட்டார்: “மதுரக்காரன் பேசறான், கோயமுத்தூர்க்காரன் பேசறான், திருநெல்வேலிக்காரனும் பேசறான். நம்மள மாரி பேசறவன் மட்டும் டிவில வந்தா, ஒண்ணு ரவுடியா வரான், இல்லனா சிரிப்பு காட்ட வரான். ஏம்மா அப்பிடி?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் பார்த்த படங்களிலோ தொடர்களிலோ, “வந்துனு கீறேன்” என்பதை ஒரு சாதாரணக் குடும்பத்துப் பெண்ணோ, ஓர் ஆசிரியரோ, ஒரு தறிக்காரரோ, சிரிப்புக்கு இடமில்லாமல் பேசக் கேட்டதுண்டா? இருந்தால் பெயர் சொல்லுங்கள், அவருக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

கோட்டை அகழி எழுதியது:

அம்மா, உங்கள் மாமியார் கேட்டது மிகச் சரியான கேள்வி. இதில் சினிமா மட்டும் குற்றவாளியா என்பது வேறு விஷயம்.

‘இன்னா’, ‘கீது’, ‘வந்துனு’ ஆகியவற்றைச் சென்னைத் தமிழ் என்று எல்லோரும் முத்திரை குத்திவிட்டார்கள். வேலூரிலும் ஆற்காட்டிலும் வாலாஜாவிலும் செங்கற்பட்டுப் பக்கத்துக் கிராமங்களிலும் சோறு ஆக்குகிறவர்களும் ஏர் ஓட்டுகிறவர்களும் பேசுகிற பேச்சு அது. பிழைப்புக்காகச் சென்னைக்குப் போனவர்கள் அதைக் கையோடு கொண்டுபோனார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் திரையில் அது நுழைந்த வழி வேறு. 1958இல் வந்த ‘சபாஷ் மீனா’ படத்தில் சந்திரபாபு ரிக்சாக்காரராக அந்தப் பேச்சைப் பேசி அரங்கையே சிரிக்க வைத்தார். அவர் அதைச் செய்த நேர்த்தியில் எனக்குக் குறையில்லை. ஆனால் அதற்குப் பின் வந்தவர்களில் பெரும்பாலோர் அந்தச் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாத்திரம் ‘இன்னா’ என்று வாயைத் திறந்தால் பார்வையாளர் சிரிக்கவோ பயப்படவோ தயாராகிவிட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாகிவிட்டது.

நம் ஊரின் பெயருக்கும் இதே கதிதான். திரைப்படத்தில் வேலூர் என்று சொன்னால் ஒன்று மத்தியச் சிறை, இல்லாவிட்டால் மருத்துவமனை. 2011இல் ‘வேலூர் மாவட்டம்’ என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தபோது ஆசையோடு போனேன். அது ஒரு காவல்துறை அதிகாரியின் கதை. பெயர்ப்பலகையில் இருந்த ஊர் எனக்கு வசனத்தில் கேட்கவில்லை.

நீங்கள் கேட்டதற்கு மிக நெருங்கி வருவது 2021இல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’ என்பேன். களம் வடசென்னைதான், நம் ஊரல்ல. ஆனால் அதில் பசுபதி ஏற்ற ரங்கன் வாத்தியார் அந்தப் பேச்சைப் பேசும்போது யாருக்கும் சிரிப்பு வராது, மரியாதைதான் வரும். மாமியாருக்கு முதலில் அதைப் போட்டுக் காட்டுங்கள்.

காட்பாடி சந்திப்பு எழுதியது:

எனக்கு இந்த ஏக்கத்தில் பாதிதான் உடன்பாடு. வட்டார வழக்கு என்ற பெயரில் நாம் திரையில் கேட்பது பெரும்பாலும் முகத்தில் பூசிய பவுடரைப் போன்றது. முதல் அரை மணி நேரம் ‘ஏலே’ என்றோ ‘ஏனுங்க’ என்றோ இழுப்பார்கள், இடைவேளைக்குள் வியர்வையில் பவுடர் கரைந்துவிடும், அதன்பின் எல்லோரும் ஒரே பேச்சு பேசுவார்கள். நாளைக்கு யாராவது நம் பேச்சையும் இப்படிப் பூசிக்கொண்டு வந்தால், இப்போது இருப்பதைவிட அதிக எரிச்சல்தான் வரும். அதற்கு ‘மெட்டி ஒலி’யைப் போல எந்த ஊருக்கும் சொந்தமில்லாத சாதாரண நடுத்தர வீட்டுப் பேச்சே போதும். டெல்லி குமார் ஏற்ற அந்த அப்பா எந்த மாவட்டம் என்று அன்று நம் வீடுகளில் யாரும் கேட்கவில்லை, எல்லோர் வீட்டு அப்பாவாகவும் இருந்தார்.

பேச்சு உண்மையாக இருந்த படம் என்றால் எனக்கு மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’தான் நினைவுக்கு வருகிறது. மாயாண்டியாக வரும் நல்லாண்டி ஐயா தொழில்முறை நடிகர் அல்லர். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி. படம் 2022இல் வெளிவருமுன்பே அவர் இறந்துவிட்டார். நீதிமன்றக் காட்சியில் அவர் பேசுவதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது என்று கேட்ட மாத்திரத்தில் தெரியும். ஆகவே நமக்கும் வேண்டியது வட்டாரப் பேச்சுப் பயிற்சியாளர் அல்லர், பேசுகிற ஆட்கள். பீடி முறத்தோடு உங்கள் மாமியாரையே நடிக்கக் கூப்பிட்டால் ஒழிய இது தீராது!

தறிச்சத்தம் எழுதியது:

ஆரணியிலிருந்து ஒரு சிறு குறிப்பு. தென் ஆற்காட்டுக்குத் தங்கர் பச்சான் கிடைத்தார். 2002இல் ‘அழகி’, 2007இல் ‘ஒன்பது ரூபாய் நோட்டு’ ஆகியவற்றைப் பார்த்தபோது பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காடும் பலாமரமும் அந்த மக்களின் பேச்சும் ஒன்றாகத் திரையில் வந்தன. நாங்கள் அதைப் பக்கத்து வீட்டுக் கல்யாணச் சாப்பாடு போலச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். வடக்கு இன்னும் காத்திருக்கிறது.

செய்யாற்றங்கரை எழுதியது:

கோட்டை அகழி ஐயா பசுபதியைக் குறிப்பிட்டதால் ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் பயின்றவர் பசுபதி. அந்தப் பட்டறைக்கு ஊற்றாக இருந்தவற்றுள் முதன்மையானது, எங்கள் செய்யாற்றுப் பக்கத்துப் புரிசைத் தெருக்கூத்து. புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் அங்குள்ள நடிகர்கள் அடவும் பாட்டும் கற்றார்கள். 1989இல் மாவட்டம் பிரிந்து புரிசை இன்று திருவண்ணாமலைக் கணக்கில் இருந்தாலும், அது பழைய வட ஆற்காட்டுச் சொத்துதான். நம் மண்ணின் கூத்து தமிழ்த் திரைக்கு நடிகர்களைத் தந்திருக்கிறது. நம் பேச்சு மட்டும் வாசற்படியிலேயே நிற்கிறது.

ஆனால் சினிமாவைக் குறை சொல்லுமுன் நம் கூத்தையே கொஞ்சம் பார்க்க வேண்டும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில் துரியோதனனும் கர்ணனும் எந்தத் தமிழில் பேசுகிறார்கள்? விருத்தம், தரு என்னும் பாட்டுகளும் ஏட்டுத்தமிழ் வசனமும்தான். ‘இன்னா ராசா, இம்மா நேரமா கத்தினு கீறியே’ என்று நம் பேச்சைப் பேசுகிறவன் கட்டியக்காரன் ஒருவனே. சிரிப்புக்காக வருகிறவனும் அவனேதான். ஆகவே நம் பேச்சைக் கோமாளியின் வாயில் முதலில் வைத்தவர்கள் நாமே.

ஒரு வேறுபாடு உண்டு. கட்டியக்காரன் அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு ராஜாவைக் கேலி செய்கிறான், பாயில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் அவன் பக்கம் நின்று சிரிக்கிறது. திரையில் அந்தப் பேச்சைப் பேசுகிறவனைப் பார்த்துக் கூட்டம் சிரிக்கிறது. இரண்டும் ஒரே சிரிப்பு அல்ல. சபை நடுவே சேலையைப் பற்றி இழுக்கும் துச்சாதனனிடம் எங்கள் ஊர்க் கட்டியக்காரர் ஒரு முறை, “அண்ணிடா அது, உன் ஊட்ல பொம்பளயே இல்லியா?” என்று கேட்டார். முன்வரிசைப் பெண்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, ஒரு பாட்டி எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பேச்சால் சிரிக்க வைக்க மட்டுமல்ல, வேறு எதுவும் செய்ய முடியும் என்பதற்கு எனக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

படம் கேட்டீர்கள். 2016இல் வந்த ராஜு முருகனின் ‘ஜோக்கர்’ பாருங்கள். களம் தருமபுரி, நம் பக்கத்து மாவட்டம். மன்னர் மன்னனாக நடித்த குரு சோமசுந்தரமும் கூத்துப்பட்டறையில் பயின்றவர்தான். கட்டியக்காரன் ராஜாவைக் கேட்கிற கேள்விகளை அவர் அரசாங்கத்தைக் கேட்கிறார். வழக்கு அச்சு அசலாக நம்முடையது இல்லை என்றாலும், காதுக்கு அந்நியமாக இருக்காது.

குடியாத்தம் மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எல்லாப் பதில்களையும் மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். கட்டியக்காரன் பற்றி எழுதியதைக் கேட்டதும் அவர் தன் சிறுவயதில் பார்த்த படுகளத்தைப் பற்றி, மண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்திருந்த அளவைப் பற்றி, ஒரு கட்டுப் பீடி முடியும்வரை பேசினார். காட்பாடி சந்திப்பு அண்ணன் அவரை நடிக்க அழைத்ததற்கு, “ஆயிரம் பீடிக்கு இன்னா குடுப்பானோ அத்த குடுத்தா வரேன்னு சொல்லு” என்றார்.

‘சார்பட்டா’வை ஞாயிற்றுக்கிழமை போட்டோம். குத்துச்சண்டைக் காட்சிகளில் அவருக்கு ஆர்வமில்லை, அந்த நேரம் முழுவதும் இலைதான் வெட்டினார். ஆனால் வீட்டுக்குள் அம்மாவும் மகனும் சண்டை போடும் இடங்களில் இரண்டு முறை “ஆமா, இப்டிதான் பேசுவாங்க” என்றார். ரங்கன் வாத்தியாரை மட்டும் தலை நிமிர்த்திப் பார்த்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில மாதங்களுக்கு முன் என் கணவர் ‘கொட்டுக்காளி’யைப் போட்டார். அதில் பின்னணி இசை கிடையாது, நாயகி மீனாவும் ஏறக்குறையப் படம் முழுவதும் வாய் திறப்பதில்லை. காதால் தொடரும் என் மாமியாருக்குப் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தவர், முறத்தை இறக்கிக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முந்நூறு பீடி குறைந்தது. படம் பிடித்ததா என்று கேட்டதற்கு, “அவ பேசாததே எனக்குக் கேட்டுனு இருந்துச்சு” என்றார்.

இன்றிரவு ‘ஜோக்கர்’ பார்ப்பதாக இருக்கிறோம். மாமியார் அடுக்களையிலிருந்தே கேட்கிறார்: “அதுல பேசறாங்களா, இல்ல அந்தப் பொண்ணு மாரி கம்முனு இருப்பாங்களா? பேசுவாங்கனா முறத்த எடுத்துனு வரேன்.”