தெப்பக்குளத்து கிட்டார்

குழு: பெரிய வீடு, மதுரை

காலை 9:12
சின்னவன்: வில்லாபுரம் மாமா, தெப்பக்குளம் பக்கம் ஒருத்தர் பழைய எலக்ட்ரிக் கிட்டார் விக்கிறாரு. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். 1978-ல அமெரிக்காவுல செஞ்சதாம். 85 ஆயிரம் சொல்றாரு.

9:15
செல்லூர் சித்தி: பழசுக்கு 85 ஆயிரமா? ஒங்கப்பாவுக்குத் தெரியுமாடா?

9:16
வில்லாபுரம் மாமா: அட்வான்ஸ் எதும் குடுத்துறாத மாப்ள. தலைப்பக்கத்தை நல்லா கிட்ட வச்சு எடுத்து அனுப்பு, நம்பர் தெரியணும். அப்பிடியே திருப்பி, கழுத்து பாடியோட சேர்ற எடத்துல இருக்க தகட்டையும் எடு.

9:31
சின்னவன்: 📷 📷

9:33
பெரியக்கா: ஃபெண்டர்னு தெளிவா போட்டுருக்கே மாமா?

9:40
வில்லாபுரம் மாமா: அந்தப் பேரு ஸ்டிக்கரு தாம்மா. தனியாவே விக்கிறாய்ங்க, யாரும் ஒட்டிக்கலாம்.
பின்னாடி தகட்டைப் பாரு, நாலு ஸ்க்ரூ. 1971 கடைசியில இருந்து 1981 வரைக்கும் வந்த அமெரிக்க ஸ்ட்ராட்டுல மூணு ஸ்க்ரூதான். அந்தக் காலத்துத் தலையும் அகலமா இருக்கும். இது சின்னத் தலை. 1978-ங்குறது ஒத்து வரல.

9:44
வில்லாபுரம் மாமா: நம்பர் எம்.என்.5-னு ஆரம்பிக்குது. எம்-னா மெக்சிகோ, என்-னா தொண்ணூறுகள், 5-னா 1995 வாக்குல. என்செனாடா ஃபேக்டரில செஞ்சது. 1978 அமெரிக்காவுன்னா எஸ்-ல ஆரம்பிக்கணும்.

9:46
செல்லூர் சித்தி: அப்ப ஏமாத்துறானா?

9:48
வில்லாபுரம் மாமா: எடுத்ததும் அப்பிடிச் சொல்லாதத்தா. அவருக்கு வித்தவன் அப்பிடிச் சொல்லியிருப்பான். மெக்சிகோவும் நல்ல கிட்டார்தான், வெலைதான் வேற.
ஆனா மாப்ள, நம்பர் கழுத்துக்கு மட்டும்தான் சாட்சி. கழுத்தைக் கழட்டி வேற பாடில மாட்டியிருக்கலாம். அவரையே கம்பியைத் தளத்திட்டு நாலு ஸ்க்ரூவையும் கழட்டச் சொல்லு. கழுத்தோட அடிக்கட்டையில தேதி இருக்கான்னு பாரு. பாடி மேல இருக்க பிளாஸ்டிக் தகட்டை, அதான் பிக்கார்டைத் தூக்கி, வால்யூம் பாட், அதான் சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகோட உள்பாகம், அது முதுகுல இருக்க நம்பரையும் எழுதிக்க.

11:20
சின்னவன்: கழட்டியாச்சு மாமா. அடிக்கட்டையில 1995-னு முத்திரை, மாசம் அழிஞ்சுருச்சு. பாட்ல 1379443.

11:24
வில்லாபுரம் மாமா: 137-னா அந்தப் பாட்டைச் செஞ்ச சி.டி.எஸ். கம்பெனி. 94 வருசம், 43 வாரம். 1994 அக்டோபர் கடைசில வந்த பாட், 95-ல வந்த கழுத்து. பொருந்துது. உள்ள ஒயரை ஒட்டுன ஈயம் பளபளன்னு இருக்கா, மங்கிருக்கா?

11:29
சின்னவன்: மங்கித்தான் இருக்கு. கம்பிக்குக் கீழ சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப்பு இருக்குல்ல, அதுல நடு பிக்கப்புல மட்டும் ஒயரும் ஈயமும் புதுசு மாமா.

11:31
வில்லாபுரம் மாமா: அப்ப நடு பிக்கப்புல கை வச்சிருக்காய்ங்க. மாத்துனதான்னு அவர்ட்டயே கேளு, பழசு கையில இருந்தா அதையும் சேத்துக் குடுக்கச் சொல்லு. 95 மெக்சிகோ வெலைக்குப் பேசு, 78 பேச்சே வேணாம். சாயங்காலம் ஆம்ப் எடுத்துட்டு நானும் வர்றேன். கழுத்து மேல குறுக்க இருக்க ஃப்ரெட்டுக் கம்பி தேஞ்சிருக்கான்னு கையில பிடிச்சுப் பாத்தாத்தான் தெரியும்.

11:40
சின்னவன்: அவரும் சரின்னுட்டாரு மாமா. 5 மணிக்கு மேல வரச் சொல்றாரு. பழைய பிக்கப்பு டப்பாவுல இருக்காம், தேடி வைக்கிறேங்குறாரு.