வைகை கடலைத் தொடும் இடத்தைப் பார்க்கச் செல்வது எப்படி?

கேள்வி: தெப்பக்குளத்துக்காரர்

அன்பர்களுக்கு வணக்கம். அழகர் ஆற்றில் இறங்குவதை ஆண்டுதோறும் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த ஆறு எங்கே போய் முடிகிறது என்பதை நேரில் பார்க்கும் ஆசை இந்த வயதில்தான் வந்திருக்கிறது. சிவபெருமானுக்கு நஞ்சைத் தந்த கடலில் கலக்க மனமின்றி வைகை ஒதுங்கிக்கொண்டதாகப் பழைய தனிப்பாடல் ஒன்று உண்டு. இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு ஆறு தீர்ந்துவிடுகிறது என்றே எங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள். வரைபடத்திலோ பாக் விரிகுடா வரை ஒரு கோடு நீள்கிறது. அங்கே பார்க்க என்ன இருக்கிறது? எழுபதைக் கடந்த அப்பாவையும் அழைத்துக்கொண்டு ஒரே நாளில் காரில் போய்த் திரும்ப இயலுமா?

மறுமொழி: சேதுச்சீமை வாசகர்

ஐயா, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதில் தவறில்லை. வருசநாட்டு மலையில் பிறந்து ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடிவரும் வைகையின் நீரை, பார்த்திபனூர் மதகணையைத் தாண்டிய பிறகு கண்மாய்களே பெரும்பாலும் வாங்கிக்கொள்கின்றன. வடகிழக்குப் பருவமழை பெருத்த ஆண்டுகளில்தான் வெள்ளம் கடல்வரை போகிறது. அது கடலைச் சேரும் இடத்து ஊரின் பெயரே ஆற்றங்கரை. இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் சாலையில் உச்சிப்புளி வரை போய், அங்கிருந்து வடக்கே திரும்ப வேண்டும். மற்ற நாள்களில் முகத்துவாரத்தில் கடல்நீரும் மணலுமே இருக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன், ஏமாந்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வது வழக்கம். ஆழமும் அலையும் குறைந்த கடல் ஆதலால், ஐப்பசி, கார்த்திகை மாதங்களைத் தவிர்த்தால் பெரியவர்கள் கரையில் அச்சமின்றி நிற்கலாம்.

மறுமொழி: பழம்பானை

ஆற்றங்கரையை ஒட்டியுள்ள அழகன்குளத்தைப் பார்க்காமல் திரும்பினால் பயணத்தில் பாதி வீண். பாண்டியர் காலத்தில் மதுரைக்கும் கடல்வணிகத்துக்கும் நடுவே வாசலாக நின்ற துறைமுகம் அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தமிழகத் தொல்லியல் துறை 1986-87இல் முதன்முதலாக அங்கே அகழாய்வைத் தொடங்கியது. அதிலிருந்து பல கட்டங்களில் உரோமானிய நாணயங்கள், மதுச்சாடிகளின் ஓடுகள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் எல்லாம் வெளிவந்தன. அவற்றுள் என் மனத்தை விட்டு அகலாதது, பெரிய பாய்மரக் கப்பல் ஒன்றின் உருவத்தைக் கீறிவைத்த ஒரு பானை ஓடு. கரையில் நின்று அந்தக் கப்பலைக் கண்ணால் கண்ட ஒருவர்தாம் அதைக் கீறியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ஆயினும் அகழாய்வுக் குழிகளை மூடிவிட்டதால், மேட்டில் நின்று பார்ப்பவருக்கு மண்ணைத் தவிர ஒன்றும் தெரியாது. எனவே காலையில் முதலில் கீழடிக்குச் செல்லுங்கள். மதுரையிலிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர்தான், இராமநாதபுரம் போகும் வழியிலேயே இருக்கிறது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் வைகைக் கரை மக்களின் வாழ்க்கையைப் பார்த்துவிட்டுப் போனால், அழகன்குளத்து மேடு தானாகவே பேசத் தொடங்கும்.

மறுமொழி: சேதுச்சீமை வாசகர்

பழம்பானை அவர்கள் சொன்ன வரிசை சரியானதே. அத்துடன் இராமநாதபுரம் அரண்மனையிலுள்ள இராமலிங்க விலாசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிழவன் சேதுபதி கட்டிய அந்த மண்டபத்தின் சுவர்களில் தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், ஐரோப்பியர் சேதுபதியைச் சந்திக்கும் காட்சி, இராமாயணக் கதை என எல்லாம் ஓவியமாக இருக்கின்றன. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்கள் அருகிலேயே இருந்தாலும், அதையும் அதே நாளில் திணிக்க வேண்டாம், அப்பா களைத்துவிடுவார்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. தேவிபட்டினத்தை விட்டுவிடுகிறேன். தை பிறந்ததும் புறப்படலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். மழை ஓய்ந்த பிறகு போனால் ஆற்றில் தண்ணீரை எப்படிப் பார்ப்பது என்று கேட்டு, கார்த்திகையிலேயே போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்.