2012இல் எழுதிய பிஎச்பி நிரல் புதிய கணினியில் ஓடவில்லை, நெல் கணக்கு நிற்கிறது

நெல்லுக்கணக்கு:
வணக்கம். பரந்தனில் நெல் வாங்கி விற்கிறோம். 2012இல் மச்சான் ஒருவர் பிஎச்பியில் கணக்கு நிரல் எழுதித் தந்தார். அவர் இப்போது கனடாவில். கேட்டால் "அந்தக் கோதாரியை இன்னுமா வைத்திருக்கிறாய்" என்கிறார்.

போன கிழமை பழைய கணினி செத்துவிட்டது. புதியதில் பிஎச்பி 8.2 போட்டுக் கோப்புகளைக் கொண்டுவந்து வைத்தேன். தரவுத்தளத்தோடு இணைக்கும் மைஎஸ்கியூஎல்_கனெக்ட் என்று ஒரு ஃபங்ஷனே இல்லையாம். மொத்தம் 64 கோப்பு. காலபோக அறுவடை தொடங்கி, மூடைகள் வாசலில் இறங்குகின்றன. பேசாமல் பழைய பிஎச்பி 5.6ஐயே போட்டுவிடவா?

பாலைமரம்:
வேண்டாம் தம்பி. 5.6க்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது 2018 முடிவோடு நின்றுவிட்டது. அந்த ஃபங்ஷன்களை 2015 கடைசியில் வந்த 7.0இலேயே எடுத்துவிட்டார்கள்.

64 கோப்பையும் தொட வேண்டாம். புதிதாக ஒரே ஒரு கோப்பு எழுதும். ஃபங்ஷன் பெயர்கள் பழையவை, உள்ளே வேலை செய்வது அவற்றுக்குப் பதிலாக வந்த மைஎஸ்கியூஎல்ஐ. பிஎச்பியின் அமைப்புக் கோப்பான பிஎச்பி.ஐஎன்ஐயில் ஆட்டோ_பிரிபெண்ட்_ஃபைல் என்ற வரியில் அதன் பாதையைக் கொடுத்தால் எல்லாப் பக்கத்துக்கும் முன்னால் தானாக ஏறும்.

ஒரு இடத்தில் கவனம். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் பழைய குவெரி ஃபங்ஷனில் எஸ்கியூஎல் வசனம் (அந்தக் கேள்வி) முதலில், இணைப்பு பிறகு. இணைப்பைக் கொடுக்காமலும் விடலாம். புதியதில் இணைப்புத்தான் முதலில், கட்டாயம். அதனால் கனெக்ட் ஆனதும் இணைப்பை ஒரு குளோபல் மாறியில் வைத்துக்கொள்ளும். விடையிலிருந்து ஒரு மதிப்பை எடுக்கும் மைஎஸ்கியூஎல்_ரிசல்ட்டுக்கு நேர்ச்சோடி கிடையாது. டேட்டா_சீக்கையும் ஃபெட்ச்_ரோவையும் சேர்த்து நீரே எழுத வேண்டும்.

மாங்குளத்தான்:
எதற்கு இந்த ஒட்டுவேலை? தரவுத்தளத்தோடு பேசும் புதிய முறையான பிடிஓவுக்கு ஒரேயடியாக மாறலாமே.

பாலைமரம்:
மாறத்தான் வேண்டும். மூடை வாசலில் நிற்கும்போதா? குளக்கட்டு கசிந்தால் முதலில் மண்மூடைதான் போடுவோம்.

நெல்லுக்கணக்கு:
அண்ணை, திறக்கிறது! ஆனால் இரண்டு சிக்கல். ஒரே ஆளை இரண்டாம் தரம் பதிந்தால் முன்பு "ஏற்கனவே உண்டு" என்று சொல்லும். இப்போது பக்கமே விழுந்துவிடுகிறது. மற்றது, ஆட்டக்காரி, மொட்டைக்கறுப்பன் என்ற நெல் இனப் பெயர்கள் எல்லாம் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏயும் வட்டத்துக்குள் ஆருமாகத் தெரிகின்றன.

பாலைமரம்:
முதலாவது சின்ன விஷயம். 8.1இலிருந்து மைஎஸ்கியூஎல்ஐ பிழை வந்தால் ஃபால்ஸ் (இல்லை என்ற விடை) தராது, எக்செப்ஷன் எறிந்து பக்கத்தை நிறுத்தும். உம்முடைய மச்சான் ஃபால்ஸை நம்பி எழுதியிருக்கிறார். ஒட்டுக்கோப்பின் தலைப்பில் மைஎஸ்கியூஎல்ஐ_ரிப்போர்ட்டை ஆஃப் செய்யும்.

இரண்டாவதுதான் தமிழனுக்கென்றே வந்த தலையிடி. எல்லா மொழிக்குமான யூடிஎஃப்-8 எழுத்துமுறையில் நம் எழுத்துக்கு மூன்று பைட். முதலாவது எப்போதும் ஈ0, அடுத்தது ஏஈ அல்லது ஏஎஃப். அவற்றை லத்தீன்1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய முறை) என்று வாசித்தால் அந்தக் கோடு போட்ட ஏயும் வட்ட ஆரும் வரும். பழைய அட்டவணை லத்தீன்1. அதற்குள் தமிழ் பைட்டுகள் அப்படியே கிடக்கின்றன. புதிய இணைப்பு அவற்றை மறுபடி மொழிபெயர்க்கிறது. இப்போதைக்கு, இணைப்பின் எழுத்துமுறையைச் சொல்லும் செட்_சார்செட்டில் லத்தீன்1 கொடும்.

அட்டவணையை நேராக யூடிஎஃப்8எம்பி4க்கு (மைஎஸ்கியூஎல்லில் முழு யூடிஎஃப்-8இன் பெயர்) கன்வெர்ட் செய்துவிடாதையும்! குழம்பின எழுத்தே உள்ளே பதிந்துவிடும். முதலில் அட்டவணையின் அந்தப் பத்தியைப் பிளாப் (வெறும் பைட்டுகள்) ஆக்கி, பிறகுதான் யூடிஎஃப்8எம்பி4 டெக்ஸ்ட் ஆக்க வேண்டும். அதற்கும் முன்னால் பேக்கப். நான் ஒருமுறை எடுக்காமல் செய்து அழுதிருக்கிறேன்.

நெல்லுக்கணக்கு:
மொட்டைக்கறுப்பன் திரும்பி வந்துவிட்டான் அண்ணை. பற்றுச்சீட்டு அடிக்கிறேன். திகதி தேடும் பக்கத்தில் மட்டும், எழுத்தைத் துண்டாக்கும் ஸ்பிளிட் ஃபங்ஷன் இல்லை என்கிறது.

பாலைமரம்:
அதுவும் 7.0இல் போனதுதான். பிரிப்பது வெறும் கோடு என்றால் எக்ஸ்ப்ளோட் போடும்.